முதுகு வலி என்றுதான் சொன்னேன்

சிதம்பரம் ரயிலடி ஓரமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம்தான் அந்தப் பொய்யை முதன்முதலில் சொன்னேன்.

"சீட்டுல உக்காந்தாலே முதுகு வலி உயிர் போவுதுண்ணா. எதனா பண்ணிக் குடுங்க."

வலித்தது முதுகு இல்லை. என் முதுகு நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. வலித்தது தொடை இரண்டும் சேர்கிற இடம். சைக்கிள் சீட்டின் மூக்கு சரியாக அங்கேதான் முட்டிக்கொண்டு, மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் குத்தியது. முதலில் மரத்துப்போனது, பிறகு எரிந்தது, பிறகு தோல் உரிந்தது. இதை ஒரு ஆணிடம் எப்படிச் சொல்வது? அவரோ ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு "எங்க வலிக்குது சிஸ்டர்?" என்று கேட்டு நிற்கிறார். பஞ்சர் ஒட்ட வந்த இரண்டு பேர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வாயில் முதலில் வந்தது முதுகு. சொல்லிவிட்டேன்.

நான் ஒரு நர்ஸ். அதுதான் இதில் பெரிய கேவலம். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், மூத்திரக் குழாய் மாட்டுவதும், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டுத் துடைப்பதும்தான் என் பிழைப்பு. முன்பின் தெரியாத மனிதர்களிடம் "மோஷன் போச்சா, எரிச்சல் இருக்கா, எந்த எடத்துல?" என்று காய் விலை கேட்கிற மாதிரி கேட்பேன். யாராவது கூச்சப்பட்டால் அதட்டுவேன். "நர்சுகிட்ட என்னா வெக்கம்?" என்பேன். அப்படிப்பட்ட வாய், என் விஷயம் என்று வந்ததும் ஒட்டிக்கொண்டது.

வீடு கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில். கணவர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார். காலை ரயிலைப் பிடித்துச் சிதம்பரத்தில் இறங்குவேன், ஸ்டேஷன் ஸ்டாண்டில் என் சைக்கிள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோவிலில் சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. திங்கட்கிழமை சிதம்பரத்தில் இறங்கிவிட்டால் நான்தான் சிஸ்டர். அங்கே ஒரு சின்ன கிளினிக்கிலிருந்து என்னை வீட்டு விசிட்டுக்கு அனுப்புவார்கள். ரத வீதிகளைச் சுற்றி ஏழு வீடு. எட்டாவது வீடு மட்டும் கிள்ளை போகிற ரோட்டில், ஏழு கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகும் ஒரு சின்ன ஊரில். பஸ் அந்தப் பக்கம் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. தினம் ஆட்டோவுக்குக் கொடுத்தால் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்கூட்டர் ஓட்டலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். என் கணவர் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே நடுரோட்டில் வைத்து அவர் கத்திய கத்தலில் இறங்கியவள், அதன் பிறகு ஏறவே இல்லை.

அந்த எட்டாவது வீட்டில் இருந்தவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆன அம்மா. சர்க்கரை வியாதி. வலது காலில் சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. உள்ளங்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு புண் ஆறாமல் நின்றது. சர்ஜன் என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "தெனம் சுத்தம் பண்ணிக் கட்டு மாத்தணும். ஒரு நாள் கூட விடக்கூடாது. நாலு மாசம் அப்டிப் போச்சுன்னா கால் தப்பிச்சுடும். இல்லன்னா எடுக்க வேண்டியதுதான்."

அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சிஸ்டர் வந்துருவாங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கால் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசை முடித்த கையோடு ரயிலேறினேன். அம்மாவின் கணவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றை மட்டும் ஆபரேஷன் செய்திருந்தார்கள், அதிலும் பார்வை சரியாக வரவில்லை. சார் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வாசலில் நின்று என் சைக்கிள் மணிச் சத்தத்தை வைத்தே "வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பார். முதல் ஒரு மாதம் புண் அடியிலிருந்து சிவப்பாக, நல்ல சதையாக ஏறி வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் என் பழைய சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து காணாமல் போனது. பத்து வருடம் ஓட்டியது. அதன் சீட்டு கிழிந்து, அமுங்கி, என் உடம்புக்குத் தோதாக ஆகியிருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது. அவசரத்துக்கு ஒரு புது லேடீஸ் சைக்கிள் வாங்கினோம். முன்னால் கூடை, ரோஸ் கலர், பளபளவென்று ஒரு சீட்டு. கடையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தச் சீட்டைச் செய்தவன் எந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான். பின்னால் குறுகல், முன்னால் நீட்டம், மூக்கு மேல்நோக்கித் தூக்கல். உட்கார வேண்டிய எலும்புகள் இரண்டும் சீட்டுக்கு வெளியே தொங்கும். மொத்தக் கனமும் நடுவில், சதையில் இறங்கும்.

சரி, கடை அண்ணனிடம் முதுகு என்று சொன்னேனா? அவர் நல்ல மனிதர். யோசித்தார். "ஹேண்டில்பார் தாழ்வா இருக்கு சிஸ்டர். குனிஞ்சு ஓட்டுறீங்க. அதான் முதுகு புடிக்குது" என்று சொல்லி ஹேண்டில்பாரை உயர்த்திக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். நான் நெட்டுக்குத்தாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையில் இருந்த கொஞ்ச நஞ்சக் கனமும் இப்போது கீழே இறங்கியது. கிள்ளை ரோட்டில் வரிசையாக வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் கண்ணில் நீர் முட்டியது. ஒரு பொய்க்குக் கிடைத்த வைத்தியம் அது. யாரைக் குறை சொல்வது?

மறுவாரம் போனேன். "கொறஞ்சுதா?" என்றார். "இல்லண்ணா, இன்னும் ஜாஸ்தியா இருக்கு." ஸ்பிரிங் மாற்றினார். அடுத்த வாரம் ஜெல்லி உறை ஒன்று போட்டார். தொட்டால் மெத்தென்று இருந்தது, அழுத்தினால் விரல் உள்ளே போனது. உட்கார்ந்து பார்த்தால் ஓரம் எல்லாம் அமுங்கி, நடுவில் இருந்த ஜெல்லி மேலே பிதுங்கிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றது. நான் அதன் மேல் துண்டை நான்காக மடித்துக் கயிறு போட்டுக் கட்டினேன். ஸ்டாண்டுக்காரர் "என்னா சிஸ்டர், சீட்டுக்கு அடிபட்டுடுச்சா, கட்டு போட்டுருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சுடிதார் பேண்ட்டில் நான்கு தையலும் வந்து சேர்கிற முடிச்சு இருக்கிறதே, அதுவும் சரியாக அங்கேதான் உரசியது. அதைப் பிரித்துத் துணி வைத்துத் தைத்தேன். பவுடர் போட்டேன், தேங்காய் எண்ணெய் போட்டேன், அம்மாவுக்கு வைக்கிற களிம்பையே எனக்கும் வைத்துக்கொண்டேன். இரண்டு மிதி மிதித்து எழுந்து நின்றுகொண்டே போவேன். அதுவும் முடியாதபோது இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன். இறால் குட்டை ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவளைப் பார்த்து பைக்கில் போகிறவர்கள் "பஞ்சராம்மா?" என்று நின்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். அந்த இரண்டு மாதத்தில் என் சைக்கிளுக்கு ஆன பஞ்சர் எந்தச் சைக்கிளுக்கும் ஆகியிருக்காது.

வீட்டிலும் அதே பொய்தான். சாயங்காலம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டுக் கணவர் கேட்டார். முதுகு என்றேன். அவரிடம்கூடவா என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த இடத்துக்கு எங்கள் இருவருக்குள்ளும் ஒரு சொல் கிடையாது. அங்கே சுகம் என்றும் பேசியதில்லை, வலி என்றும் பேசியதில்லை. அவர் தைலத்தை எடுத்து வந்தார். "குப்புறப் படு" என்றார். ஐஸ் கட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கையால் என் நல்ல முதுகை அரைமணி நேரம் தேய்த்துவிட்டார். "இங்கயா, இன்னும் கீழயா?" என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுதேன். நன்றாகத் தேய்க்கிறோம், அதான் வலியில் அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

கோவிலில் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று சொன்னால் சாமியார் என்ன பொய் என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். கோபப்பட்டேன், பூசைக்கு லேட்டாக வந்தேன் என்று வழக்கமானதைச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா மட்டும் என் நடையைக் கவனித்துவிட்டார். நாள் பூராவும் காதை மட்டும் வைத்து வேலை பார்த்தவர். நான் கட்டிலருகே உட்காரும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"என்னா சிஸ்டர், எங்க வலி?"

"முதுகும்மா. சைக்கிள் மிதிச்சு மிதிச்சு."

"அய்யய்யோ. எனக்காக இவ்ளோ தூரம் வந்து வந்துதான்." உடனே கணவரைக் கூப்பிட்டு எனக்கு முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலி போடச் சொன்னார். அவரும் தடவித் தடவிக் கொண்டுவந்து போட்டார். முதுகுக்கு மெத்தை, உட்காரும் இடத்தில் மரப்பலகை. அதன் நுனியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நான் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தேன். புண் பாதிக்கு மேல் மூடியிருந்தது. இன்னும் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒரு மாதம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ரயிலில் திரும்பும்போதே குளிர் எடுத்தது. உட்கார முடியாமல் கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். தோல் உரிந்த இடம் கட்டியாகி, எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. மறுநாள் காலை கடலூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பார்த்தார். கீறிச் சீழை எடுத்தார். உயிர் போய் உயிர் வந்தது.

"எத்தன நாளா இது?"

"ரெண்டு மாசமா மேடம்."

"நீங்க நர்சுதானே?" என்றார். அதற்கு மேல் அவர் திட்டவே வேண்டியிருக்கவில்லை. "ஒரு மாசம் சைக்கிள தொடக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம்! சைக்கிளை விட்டுவிடு, இதுதான் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். சீட்டை மாற்று என்று அவரும் சொல்லவில்லை.

கிளினிக்குக்கு போன் செய்து முதுகு பிடித்துக்கொண்டது என்றேன். இன்னொரு நர்ஸ் பிரசவ லீவில் இருந்தார்; மாற்றி அனுப்ப ஆள் இல்லை. டவுனில் இருந்த வீட்டுக்காரர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். எக்ஸ்சேஞ்ச் அம்மா வீட்டுக்கு நானே போன் செய்தேன். அவர் கணவர் எடுத்தார்.

"நீ படுத்து ரெஸ்ட் எடும்மா. நான் கட்டுறேன். நீ கட்டும்போது தெனமும் பக்கத்துலதான நிக்கிறேன்."

பஞ்சை எப்படி நனைக்க வேண்டும், கையை எத்தனை முறை கழுவ வேண்டும், துணியை எப்படிச் சுற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவரும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்ன நான், லூசாகக் கட்டுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, பயம் பிடித்துக்கொண்டது. மறுபடி அந்தச் சீட்டில் ஏறினால் மறுபடி இதே கதி. ஏறாவிட்டால் அம்மாவின் கால். போனில் தேடினேன். பெண்களுக்கான சீட்டு என்று போட்டால் கலர் கலராக உறைகள் வந்தன. தேடித் தேடிக் கடைசியில் ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண் வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தாள்: உட்காரும்போது கனத்தைத் தாங்க வேண்டியது கீழே இருக்கும் இரண்டு எலும்பு; அந்த எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு அகலம் என்று அளந்து, அதைத் தாங்குகிற மாதிரி சீட்டு வாங்க வேண்டும்; மெத்தென்று இருக்கக்கூடாது, கெட்டியாக இருக்க வேண்டும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். படுக்கைப் புண் வராமல் இருக்க எந்த இடத்தில் கனம் விழ வேண்டும், எந்த இடத்தில் விழக்கூடாது என்று வீடு வீடாகப் பாடம் எடுக்கிறவள் நான்.

குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி வீட்டில் கிடந்தது. நெளி நெளியாக உள்ளே மடிப்பு வைத்த அட்டை. ஒரு துண்டு வெட்டி ஸ்டூல் மேல் வைத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, கட்டோடு பல்லைக் கடித்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்து எழுந்தேன். இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்து பேனாவால் கோடு போட்டேன். நாற்பத்து மூன்று வயதில் என் உடம்பைப் பற்றி நானே எடுத்த முதல் அளவு அது. பிளவுஸ் அளவுகூட டைலர்தான் எடுப்பார்.

நான்காம் நாள் அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடியே திருப்பாதிரிப்புலியூர் போனேன். கடைத்தெருவில் பெரிய சைக்கிள் கடை. சீட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"லேடீஸ் சீட்டு குடுங்க. அகலமா, கெட்டியா."

"கெட்டியாவா? எல்லாரும் சாஃப்டாதாம்மா கேப்பாங்க." ஜெல்லி உறை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"அது வேணாம். எவ்ளோ அகலம் இருக்கு சீட்டுங்க?"

"லேடீஸ் சீட்டுன்னா லேடீஸ் சீட்டுதான்மா. இதுல சைஸ் எல்லாம் ஏது?"

அங்கேதான் எனக்கு அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "செருப்புக்கு சைஸ் இருக்கு, வளையலுக்கு சைஸ் இருக்கு, இதுக்கு இல்லையா? ஊர்ல இருக்குற பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே உடம்பா?" என்று அட்டையை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். "இது என்னாம்மா?" என்றார். "நான் உக்கார்ற எடத்து அளவு" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் அட்டையிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார், அதில் நானே உட்கார்ந்திருக்கிற மாதிரி. எனக்கு முகம் கொதித்தது. ஆனாலும் நகரவில்லை. எங்கே போவது?

"பின்னாடி பழசு கெடக்கு. நீங்களே பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். பின்கட்டில் துருவும் தூசியுமாக ஒரு குவியல். அதில் மண்டியிட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்து அட்டையை வைத்து வைத்துப் பார்த்தேன். பதினைந்து, இருபது இருக்கும். கடைசியில் ஒன்று. பின்னால் அகலம், மூக்கு குட்டை, நடுவில் நீளமாக ஒரு பள்ளம். மேலே குஷன் என்று பெயருக்குத்தான். குத்துகிறது என்று யாரோ ஒருவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதாம். அட்டையில் இருந்த இரண்டு பள்ளமும் அதன் மேல் அப்படியே பொருந்தி நின்றன. அந்தத் தூசியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை சீட்டோடு சிதம்பரத்தில் இறங்கி, ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்து நேராக ரிப்பேர் கடை அண்ணனிடம் போனேன்.

"முதுகு எப்டி இருக்கு சிஸ்டர்?"

நேற்றுப் பட்ட அவமானத்துக்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது? "முதுகு வலி இல்லண்ணா. எப்பவுமே இருந்ததில்ல. சீட்டு மூக்கு குத்திக் குத்தி அடியில புண்ணாயி, கட்டி வந்து கீறிட்டு வந்துருக்கேன்" என்றேன். இந்த முறையும் பெஞ்சில் யாரோ இருந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். சீட்டை மாட்டினார், மூக்கை ஒரு விரல் அளவுக்குக் கீழே சாய்த்தார், ஏற்றி வைத்த ஹேண்டில்பாரைப் பழையபடி இறக்கினார். ஏறி உட்காரச் சொல்லி, வண்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மொத்தமும் பத்து நிமிடம்.

"எங்க வூட்லயும் சைக்கிள்ல தையல் கிளாசுக்குப் போய்ட்டிருந்தா சிஸ்டர். முட்டி வலிக்குதுன்னு விட்டுட்டா. நான் முட்டிக்குத் தைலம் வாங்கிக் குடுத்தேன்." சீட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "சைக்கிள் கடை வச்சிருக்கேன். என்னாண்டயே சொல்லல பாருங்க."

டாக்டர் சொன்ன ஒரு மாதத்தை நான் எண்ணவில்லை. ஏறி மிதித்தேன். சீட்டு கல்லு மாதிரி இருந்தது. எலும்பு இரண்டும் அதன் மேல் உட்கார்ந்துகொண்டன. புண் இருந்த இடம் எதிலும் படவில்லை. முதல் வேகத்தடையில் பழக்கத்தில் எழுந்து நின்றேன். இரண்டாவதில் பாதி எழுந்தேன். மூன்றாவதில் உட்கார்ந்தபடியே ஏறி இறங்கினேன். டவுன் வீடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் கிள்ளை ரோட்டைப் பிடித்திருந்தேன். இறால் குட்டைக் காற்று முகத்தில் அடித்தது. வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக, ரோட்டில். அந்த ஏழு கிலோமீட்டரும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

மணி அடித்தேன். சார் வாசலுக்கு வந்தார். "வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தார். வீட்டுக்குள் காலை வைத்ததும் நாற்றம் வந்தது. இருபது வருடமாக அந்த நாற்றம் எனக்குத் தெரியும்.

கட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. தினம் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். அவிழ்ந்துவிடக்கூடாது என்று இறுக்கி, சுற்றிச் சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சு போட்டிருந்தார். கண் தெரியாத மனிதர், கையால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துக் கட்டியது. கத்தரியால் வெட்டினேன். விரல்கள் கறுத்திருந்தன. கறுப்பு குதிகால் வரை வந்திருந்தது. அம்மாவுக்கு அந்தப் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. சார் பக்கத்தில் நின்றுகொண்டு "நல்லா ஆறியிருக்காம்மா?" என்று கேட்டார். நான் ஆம்புலன்சுக்கு போன் செய்தேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்ஜனிடம் போய் நின்றேன், கட்டு இறுகியதாலா என்று கேட்டேன். சர்க்கரை அதிகம், ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு, இன்ஃபெக்ஷன் எப்படியும் வந்திருக்கலாம், இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அம்மா வீட்டுக்குத் திரும்பியதும் தையல் போட்ட இடத்துக்குக் கட்டு மாற்ற நான்தான் மறுபடி போனேன். வேறு யாராவது போகட்டும் என்று கிளினிக்கில் கெஞ்சிப் பார்த்தேன். அம்மாதான் என்னையே அனுப்பச் சொன்னாராம். போனதும் அதே நாற்காலியைச் சார் கொண்டுவந்து போட்டார். அம்மா மெலிந்து போயிருந்தார்.

"முதுகு எப்டி இருக்கு சிஸ்டர்?" என்றார்.

கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்தேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். முதுகு இல்லை என்றேன். எங்கே என்று சொன்னேன், எத்தனை நாளாக என்று சொன்னேன், கட்டி வந்ததையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாம் நாளே கட்டுக்கு மேல கெண்டைக்கால்ல விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது" என்றார் மெதுவாக. "இவுரு ஒனக்கு போன் பண்றேன்னாரு. நாந்தான் வேணாம்னேன். எதுத்த வூட்டுப் பையன் ஆட்டோ வச்சிருக்கான், ஸ்டேஷனுக்கு அனுப்பிக் கூட்டியாரட்டுமான்னு கூடக் கேட்டாரு. முதுகு வலிக்காரிய ஆட்டோல போட்டுக் குலுக்கிட்டு வரணுமா, பாவம், அந்தப் பொண்ணு படுத்துக் கெடக்கட்டும்னு சொல்லிட்டேன்."

ஆட்டோவில் நான் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்திருப்பேன். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சலும் இல்லை.

"புண்ணுன்னு சொல்லிருந்தா அனுப்பிருப்பேனே சிஸ்டர்" என்றார் அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. கட்டில் நுனியில் பாதியோடு நின்ற காலை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டை அவிழ்த்தேன்.